கொக்கு இன்ஜினியர்

கருவேல முள்ளில் சுற்றிக் கிடக்கும் நைலான் தூண்டில் நரம்பை அறுக்கக் கூடாது, அவிழ்க்க வேண்டும். அறுத்தால் பாதி முள்ளிலேயே நின்றுவிடும். நாளைக்கு அது ஒரு கொக்கின் காலில் மாட்டும். பிரெசில்லா நுனியைத் தேடிப் பிடித்து அவிழ்க்கிறாள். அவிழ்த்ததைச் சுருட்டி, மல்லாக்கப் பிடித்த மஞ்சள் ஹெல்மெட்டுக்குள் போடுகிறாள். நயினார்கோவில் பக்கத்துக் கண்மாய்க் கரையில் வேலைக்கு முன்னால் தினமும் நடப்பது இது. "தலையில மாட்டுறதுல குப்பையப் போடுறீகளே?" என்று யாராவது கேட்டால், "தட்டிட்டு மாட்டிக்கிருவேன்" என்பாள்.

மின்பொறியாளர்; தங்கச்சிமடத்து மீனவர் யேசுதாஸின் மகள். மீன் இல்லாமல் சோறு இறங்காது. ஆனால் சினை மீனைத் தொடமாட்டாள். "வயித்துல புள்ளையோட இருக்கறதப் பிடிச்சுட்டு, அடுத்த வருசம் மீனக் காணோம்னு தேடுவீகளா?" என்று அப்பாவிடமே கேட்பாள். அவர் சிரித்துக்கொண்டே வேறு மீனை எடுத்துத் தட்டில் வைப்பார். சாலையில் மரவட்டை கடந்தால் அவள் வண்டி நின்றுவிடும். பின்னால் ஹாரன் அடிப்பவரிடம், "அதுக்கு அவ்வளவுதான் ஸ்பீடு அண்ணே" என்பாள். கண்மாய்க் கரை ஊர்க்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் கொக்கு இன்ஜினியர். அந்தப் பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

சோலார் மின்சாரத்தைக் கொண்டுபோகும் புதுக் கம்பி அந்தக் கண்மாயின் குறுக்கே போகிறது. வேலை அவள் பொறுப்பு. கம்பியில் மினுங்கும் தட்டுகளைத் தொங்கவிட்டால் பறவைகள் தூரத்திலேயே பார்த்து விலகிவிடும் என்று வாதாடி, அனுமதி வாங்கியவளும் அவள்தான். மின்சாரம் விடும் நாள் வந்தது, தட்டுகள் வரவில்லை. கூட்டத்தில் மேனேஜர் கேட்டார்: "தட்ட அப்புறமா மாட்டிக்கலாமா? நீங்க சொன்னாச் சரி."

"மேடம் கொக்குக்கிட்ட கேட்டுத்தான் சொல்லுவாங்க" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் மறுப்புச் சொல்கிறவளாகவே இருப்பது அவளுக்கும் அலுத்துப்போயிருந்தது. ஒருநாளாவது அவர்களோடு சேர்ந்து சிரிக்க ஆசையாக இருந்தது. சிரித்தாள். "ஓகே சார்" என்றாள்.

பிறகு தட்டுகள் வந்து குடோனில் கிடந்தன. மாட்ட வேண்டுமென்றால் லைனை நிறுத்த வேண்டும். நாளைக்குக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்றே இருந்தாள். மழை பெய்து கண்மாய் நிறைந்தது. நாரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. கரையில் நடக்கும்போது அவள் அண்ணாந்து பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

பனி விலகாத ஒரு மார்கழிக் காலையில் கருத்தம்மாள் அவளைத் தேடி வந்தார். கண்மாயை ஒட்டிய வயல்களில் கூலிக்குக் களையெடுக்கிறவர். முந்தானையில் சுற்றிப் பிள்ளையைப் போல அவர் தூக்கி வந்தது ஒரு மஞ்சள்மூக்கு நாரை. ஓர் இறக்கை ஒடிந்து தொங்கியது.

"கம்பியில அடிபட்டு வயல்ல கெடந்துச்சு தாயி. ஒருத்தன் கறிக்குக் கேட்டான். நம்ம கொக்கு இன்ஜினியர்கிட்டத்தான் குடுப்பேன்னுட்டேன்."

வனத்துறைக்குப் போன் செய்தாள். பரமக்குடி கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். கருத்தம்மாள் பறவையோடு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தார். "நீ இருக்கங்காட்டித்தான் இதுகளுக்கு ஒரு நாதி. ஒன்னையப் பெத்த வயிறு குளுந்திருக்கணும்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். பிரெசில்லாவுக்குக் காது எரிந்தது. வண்டியை இன்னும் வேகமாக விட்டாள்.

பாதி வழியில் பேச்சு நின்றது. "நிப்பாட்டு தாயி. கழுத்து தொங்கிருச்சு."

வேப்பமரத்தடியில் இறங்கினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்ட கருத்தம்மாள், "நீ என்ன செய்வ, நீயும் பதறி அடிச்சுத்தான ஓடியாந்த" என்று ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அக்கா, கம்பியில தட்டு மாட்டிருந்தா இது தூரத்துலயே பாத்து வெலகியிருக்கும். மாட்டாமலே கரண்டு விடச் சரின்னது நான்தான்."

கருத்தம்மாள் நிமிர்ந்தார். "தெரியாமச் சொல்லிட்டியா?"

"தெரிஞ்சுதான் சொன்னேன்."

பிரெசில்லா அங்கிருந்தே மேனேஜருக்குப் போன் போட்டாள். "லைன நிறுத்துங்க சார், தட்டு மாட்டணும். அன்னைக்கு நான் ஓகே சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் வந்து சொல்றேன்." அவர் சரி என்று சொல்லும்வரை விடவில்லை. அன்று சாயங்காலமே ஆட்கள் கம்பத்தில் ஏறப்போகிறார்கள். ஆனாலும் அவள் முகம் தெளியவில்லை.

போனை வைத்துவிட்டுப் பறவையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். கருத்தம்மாள் கொடுக்கவில்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு, வந்த வழியே ஊரைப் பார்த்து நடந்தார். பிரெசில்லா வண்டியைக் கிளப்பவில்லை. அதைத் தள்ளிக்கொண்டே அவருக்குப் பின்னால் நடந்தாள்.