மூச்சு முட்டும் பெட்டி

ரோச்சுக்குத் தன் நிழல்மேலேயே நம்பிக்கை கிடையாது. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பது எல்லோரும் செய்வது. அவர் விற்கிறவரின் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பார். தூத்துக்குடிக் கடலில் முப்பத்தைந்து வருஷம் சங்கு குளித்தவர். படகில் கம்ப்ரசர் மிஷின் ஓட, அதிலிருந்து வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு அடியில் சங்கு பொறுக்குகிற பிழைப்பு. மேலே மிஷினில் நிற்பவன் கண் அசந்தால் கீழே இருப்பவன் கதை முடிந்தது.

அதனால்தான் முத்துக்குளித்த காலத்தில், இறங்குபவனின் இடுப்புக் கயிற்றை மேலே பிடிக்க மனைவியின் கூடப்பிறந்தவனையே நிறுத்துவார்கள். அவன் கைவிட்டால் தாலியறுப்பது அவன் அக்காளோ தங்கச்சியோ அல்லவா? கயிறு போய்க் குழாய் வந்த பிறகும் ரோச் அந்த முறையை விடவில்லை. மனைவி ஈவாஞ்சலினின் தம்பி டிக்சன் மிஷினில் நின்றால்தான் இறங்குவார். ஒரே ஒரு தடவை அயலான் ஒருவனை நம்பி இறங்கினார். அவன் டீசலை மிச்சம் பிடிக்க மிஷினை மட்டுப்படுத்த, மூக்கில் ரத்தத்தோடு மேலே வந்தார். "சந்தேகம் வந்தா இறங்காத" என்பது அதற்குப் பிறகு அவருக்கு வேதமாகிவிட்டது.

இப்பேர்ப்பட்ட மனிதரைச் சர்க்கரை வியாதி கரையேற்றிவிட்டது. வலது பாதத்தில் ஒரு புண், எட்டு மாதமாகக் காயவில்லை. ஒரு டாக்டர் கணுக்காலோடு எடுத்துவிடலாம் என்றார். இன்னோர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சிவபாலன் ஓர் ஆராய்ச்சியில் சேரச் சொன்னார். வயிற்றுக் கொழுப்பைக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து, அதிலிருக்கும் ஸ்டெம் செல்களைப் பிரித்து, மூன்று வாரம் ஒரு பெட்டிக்குள் வளர்த்துப் பெருக்கி, புண்ணைச் சுற்றி ஊசியாகப் போடுவார்களாம். ஆறும் என்று சத்தியம் செய்ய முடியாது, பாதத்தைக் காப்பாற்ற ஒரு வழி, அவ்வளவுதான் என்றார். ரோச் கொழுப்பைக் கொடுத்தார். கொடுத்த நாளிலிருந்து அவருக்கு நிம்மதி இல்லை.

"ஏளா, என் கொழுப்பத்தான் எனக்கே திருப்பித் தருவானுவங்கதுக்கு என்ன நிச்சயம்?" என்று மனைவியைக் குடைந்தார்.

"ஒங்க கொழுப்ப வேற எவன் கேக்கப் போறான்?" என்றாள் ஈவாஞ்சலின்.

கட்டு மாற்றப் போன அன்று, பெட்டியைப் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்தார். லேபைப் பார்த்துக்கொள்ளும் ஜெனிலா, நாசரேத் ஊர்ப் பெண், பொறுமைசாலி. கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டினாள். பெட்டியின் முகப்பில் 2 என்று எரிந்தது.

"அது என்னம்மா ரெண்டு?"

"ஆக்சிஜன், அண்ணாச்சி. நூத்துக்கு ரெண்டு பங்கு."

"நாம இழுக்க காத்துல எவ்வளவு?"

"இருபத்தொண்ணு."

"அப்ப ரெண்டுல அதுக்கு மூச்சு முட்டாதா?" என்றார் ரோச். ஜெனிலா நிதானமாக எடுத்துச் சொன்னாள். "ஒடம்புக்குள்ள கொழுப்பு இருக்க எடத்துலயே ஆக்சிஜன் கம்மிதான். ஒங்க புண்ணுல இன்னும் கம்மி. இங்கனயே செல்லு கம்மியில பழகுனா, அங்கன போய்ச் சாகாம நிக்கும். புது ரத்தக்குழாய் முளைக்கச் சொல்லுத சத்தையும் கூடுதலா விடும்."

"அப்ப எங்க டிக்சன இங்கன காவலுக்கு நிறுத்துதேன்."

"நான் இருக்கம்லா, அண்ணாச்சி."

நீ யார் எனக்கு என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டார். வீடு வந்து சேரும்வரை ஒரே எண்ணம். அன்றைக்குப் படகில் அந்த அயலான் டீசலை மிச்சம் பிடித்தான், இவர்கள் ஆக்சிஜனை மிச்சம் பிடிக்கிறார்கள். படித்தவன் சூதும் பாவமும் பண்ணினால் யார் கேட்பது?

அடுத்த தடவை போனபோது மருந்துப் பெட்டிகள் வந்திறங்கின. கையெழுத்துப் போட ஜெனிலா வெளியே ஓடினாள். லேபின் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு. அது மூடுமுன் ரோச் கைத்தடியை இடையில் கொடுத்தார். நொண்டிக்கொண்டே உள்ளே போய், செல் வளரும் பெட்டியை வெறுங்கையால் திறந்து, ஆஸ்பத்திரி அட்டையை எடுத்து உள்ளே நன்றாக விசிறினார். அலாரம் அலறியது.

ஓடிவந்த ஜெனிலா முதலில் திட்டக்கூட இல்லை. பெட்டியைப் பார்த்தாள், அவர் கையைப் பார்த்தாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"காத்துதானம்மா குடுத்தேன்."

"வெறுங்கையால தொறந்துட்டீங்களே. ஒரு கிருமியும் போகலன்னு நான் எப்படி எழுதிக் குடுக்க? சந்தேகம் வந்தா கொட்டிறணும், அண்ணாச்சி. இத ஒங்க கால்ல ஏத்த நான் விடமாட்டேன்."

ரோச் விசிறிய அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தார். தன்னைவிடச் சந்தேகக்காரியான ஒருத்தி தன் கொழுப்புக்குக் காவல் இருந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

மறுபடியும் கொழுப்பு எடுத்தார்கள். மறுபடியும் மூன்று வாரம். புண் பொறுத்திருக்கவில்லை. சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் கறுத்துப் போய், எடுக்கவேண்டி வந்தது. பிறகுதான் ஊசி போட்டார்கள். இரண்டாம் மாதம் புண்ணின் ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுச் சதை தெரிந்தது. பாதம் தப்பும் போலிருக்கிறது என்றார் சிவபாலன், அதையும் உறுதியாகச் சொல்லாமல்.

வீட்டுக்கு வந்த டிக்சன் கட்டைப் பார்த்துக் கொதித்தான். பெட்டி விஷயம் அவனுக்குத் தெரியாது.

"அந்த லேபுக்காரி என்னமோ தப்புப் பண்ணியிருக்கா, அத்தான். இல்லாட்டி ரெண்டு விரலு எப்படிப் போவும்? சும்மா விடக்கூடாது."

ரோச் கட்டுப் போட்ட காலை இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஏலே, அந்தப் பிள்ள ஒழுங்காத்தான் மிஷின்ல நின்னுச்சு. கீழ கெடந்தவன் குழாய நாந்தாம்ல புடுங்கிவிட்டேன்."