நடக்காத குத்துச்சண்டையில் நான் கிழவன் பக்கம்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். அஞ்சாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நடந்ததில் பாதி மறந்தும் போகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வருஷம் மழை விட்டு உப்பளத்தில் வேலை தொடங்கிய பிறகு, ஒருநாள் டீ நேரம். கொட்டகை நிழலில் மேஸ்திரியும் லாரி டிரைவரும் செல்போனில் குத்துச்சண்டை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹெவிவெயிட்டாம், மலை மாதிரி ஆட்கள். ஒருவன் இப்போது எல்லாரையும் ஜெயிக்கிறவன். இன்னொருவன் ஒருகாலத்தில் ஜெயித்தவன். தாடி நரைத்துவிட்டது, அம்பது வயசு இருக்கும். இந்த இரண்டு பேரும் மோதியதே இல்லை. மோதினால் யார் ஜெயிப்பான் என்பதுதான் பேச்சு.

"இதுல என்னா யோசனை? ஒரே குத்து. கிழவன் பல்லு அந்தாண்ட பிரம்மதேசம் ஊருல போயி விழும்" என்றார் டிரைவர்.

"வயசாச்சுன்னா ஒதுங்கிக்கணும்பா. முட்டி தேஞ்சவனுக்காக எல்லாரும் காத்துக்கினு இருக்க முடியுமா?" என்றார் மேஸ்திரி.

சொல்லிவிட்டு, தாங்கித் தாங்கி நடக்கும் என் காலைப் பார்த்தார். கூடை தூக்கும் வரிசையிலிருந்து என்னை எடுத்துவிட்டு, சாக்கு தைக்க உட்காரவைக்கப் போவதாக முந்தின நாளே சொல்லியிருந்தார். கூலி குறைவு. அதைக்கூட விடுங்கள். ஒருதரம் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் யாரும் எழுப்ப மாட்டார்கள்.

நான் ஆம்பிளைகள் பேச்சில் வாய் கொடுக்கிறவள் இல்லை. கூலி வாங்கும்போதும் தலை நிமிர மாட்டேன். அன்றைக்கு என்ன வந்ததோ, டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கிழவன்தான் ஜெயிப்பான்."

"ஆயா, உனக்கு பாக்ஸிங்லாம் தெரியுமா?" டிரைவர் சிரித்தார்.

"தெரியாது. மொதல்ல நல்லா அடி வாங்குவான். வாங்கிக்கினு நிப்பான். குதிச்சுக்கினே இருக்கிறவனுக்கு மூச்சு வாங்கும். அப்போ ஒண்ணே ஒண்ணு வைப்பான்."

என்னோடு கூடை தூக்கும் பக்கத்து வீட்டுக்காரி என் முந்தானையை இழுத்தாள். "அக்கா, நமக்கு எதுக்கு வம்பு?"

மேஸ்திரி போனைப் பையில் போட்டார். "அந்தச் சண்டை நடக்கவே போறதில்ல ஆயா."

"நடக்காத சண்டையில நீ மட்டும் எப்பிடிப்பா அவனத் தோக்கடிச்ச?"

டிரைவருக்கு டீ புரையேறியது. மேஸ்திரி சிரிக்கவில்லை.

எங்கள் உப்பளத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வரப்பில் முன்னால் போகிறவரை யாரும் தாண்டக் கூடாது. தாண்டினால் பாத்தியில் கால் படும், சேறு கலங்கி உப்பு கெட்டுப்போகும். அதனால் வேகமாக நடக்கிறவளைத்தான் முன்னால் விடுவார்கள். நான் எப்போதும் கடைசி. அன்றைக்குக் கூடையை ரொப்பி, முதல் ஆளாக வரப்பில் ஏறினேன்.

"ஆயா, பின்னாடி போ!" மேஸ்திரி கத்தினார்.

"அவசரம் இருக்கிறவங்க பாத்தியில எறங்கிப் போவட்டும்."

ஒருத்தியும் இறங்கவில்லை. வரிசை மொத்தமும் என் நடைக்கு நடந்தது. "இந்தக் கிழவனோட மாரடிக்க வேண்டியிருக்குது" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னைத்தான் பின்னால் முணுமுணுத்தாள். கேட்டும் கேட்காத மாதிரி நடந்தேன்.

மறுநாள் மேஸ்திரி சாக்கு ஊசியை நீட்டினார். நான் கை நீட்டவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு வரப்பில் ஏறினேன். இன்றுவரை கூடைதான்.

விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைச் சரிபாருங்கள். குத்துச்சண்டையில் இரண்டு பேரும் கடைசிவரை விழாவிட்டால், ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் மார்க் போட்டு முடிவு சொல்வார்கள் என்கிறார் டிரைவர். நிஜமா? அந்தக் கிழவனுடைய வயசும் தப்பாக இருக்கலாம், திருத்திவிடுங்கள். யார் ஜெயிப்பான் என்பதில் மட்டும் கை வைக்க வேண்டாம்.