கல்லைத் தின்ற சித்தி

கற்காலம் என்றால் மனிதர்கள் கல்லைத் தின்ற காலம் என்றுதான் இரண்டாம் வகுப்பில் நான் நம்பினேன். எங்களுக்கும் ஐந்தாம் வகுப்புக்கும் ஒரே அறை. அந்தப் பக்கம் டீச்சர், "கற்கால மனுசங்க என்ன சாப்ட்டாங்க?" என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் வருவதற்குள் பெல் அடித்துவிட்டது. பேரிலேயே பதில் இருக்கிறதே என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அதன்பின் மலைக்கோட்டையைப் பார்த்தாலே மலைப்பாக இருந்தது. பாறையில் இருந்த குழிகளெல்லாம் கடித்த இடங்களாகத் தெரிந்தன. அவர்களுக்கு என்ன பல் இருந்திருக்கும்!

அப்போது அம்மாவின் தங்கை, என் சித்தி, பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இதாவது நல்லபடியாகப் பிறக்க வேண்டுமே என்று வீடே பயந்துகொண்டிருந்தது. "ரத்தமே ஏற மாட்டேங்குது" என்று அம்மா போனில் யாரிடமாவது புலம்பிக்கொண்டே இருப்பாள்.

ஒரு மத்தியானம் சித்தி என் பையிலிருந்து சிலேட்டுக் குச்சியை எடுத்தாள். கடக்கென்று கடித்து, மென்று, விழுங்கியும் விட்டாள். அந்தக் கற்கால ஜனங்களில் ஒருத்தி எங்கள் வீட்டிலேயே இருக்கிறாள்!

"யார்ட்டயும் சொல்லிராத பாப்பா. வாய் கேக்குது, விட முடியல" என்றாள்.

இத்தனை பெரிய பெருமையை எப்படி வாய்க்குள்ளேயே வைத்திருப்பது? எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது சொல்லிவிட்டேன். "சித்தி கல்லு திங்கும். குச்சி, சுவத்துச் சுண்ணாம்பு, எல்லாம் திங்கும்!"

அம்மா கரண்டியைக் கீழே போட்டாள். "ஏன்டி, இம்புட்டு நாளா இதத்தான் தின்னுக்கிட்டு இருந்தியா? டாக்டர் குடுத்த மாத்திரை எங்கடி?"

மாத்திரை குமட்டுகிறது என்று சித்தி அழுதாள். மறுநாளே ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். இரும்புச்சத்து குறைந்தால் சிலருக்கு வாய் இப்படி மண்ணையும் கல்லையும் தேடும் என்று டாக்டரம்மா சொன்னாராம். திரும்பி வந்தபின் தட்டில் ஈரல் வறுவலும் முருங்கைக்கீரையும் விழுந்தபடி இருந்தன. சித்தி நல்லி எலும்பைத் தட்டித் தட்டி உறிஞ்சினாள்.

கொஞ்ச நாள் கழித்து ஆசையாக ஒரு புதுக் குச்சியை நீட்டினேன். "ஐயே, வேணாம்" என்று முகத்தைச் சுளித்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லைத் தின்னும் மனுஷியைக் கறியும் கீரையும் கொடுத்துச் சாதாரண ஆளாக்கிவிட்டார்களே என்று அம்மாவோடு பேசாமல் இருந்தேன்.

தம்பி கொழுகொழுவென்று பிறந்தான்.

கற்கால மனிதர்கள் கல்லை எடுத்தது எலும்பை உடைத்து உள்ளிருக்கும் நல்லியைத் தின்னத்தான் என்பது எனக்கு அப்போது தெரியாது. எத்தனையோ ஆயிரம் வருடங்களாகத் தாய்மார்கள் வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றிய அதே சாப்பாட்டைத்தான் சித்தி என் கண்ணெதிரே உறிஞ்சிக்கொண்டிருந்தாள். நான் அம்மாவிடம் கோபித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.