பள்ளத்தூரில் ஒரு சத்தமில்லாத படம்

சனிக்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக, என் கணவருடைய அறைக் கதவைச் சாத்திக் கைப்பிடியைத் துண்டால் சன்னல் கம்பியோடு இழுத்துக் கட்டினேன். அவர் இறந்த பிறகு, அலுவலகம் விட்டு அவர் வழக்கமாக வரும் நேரத்துக்கு அது தானாகத் திறக்கிறது. தச்சர் பார்த்துவிட்டு, குறை ஒன்றுமில்லை என்றார். பயந்துபோய், மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்வதாக வீட்டு உரிமையாளரிடம் சொல்லிவிட்டேன்.

முந்தின நாள்தான் என்னோடு வேலை பார்க்கும் நஸ்ரின் அழைத்திருந்தாள். காரைக்குடிப் பெண். பள்ளத்தூரில் ஒரு பெரிய வீட்டில் தான் எடுத்த ஒன்பது நிமிடப் படத்தை, அதே வீட்டில் தெருக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுகிறாளாம். வசனமோ இசையோ கிடையாது.

மதுரையில் ஏழு மணிக்குப் பேருந்து. ஏறக்குறைய தொண்ணூறு கிலோமீட்டர். ஒன்பதரைக்குக் காரைக்குடி. அங்கே செக்காலைப் பகுதியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன், முந்நூறு ரூபாய்.

“பேச்சே இல்லாத படத்துக்கா மதுரையிலருந்து வாரீக?” என்றார் ஓட்டுநர். “எங்க வீட்டுக்காரி பேசாம இருந்தாலே எனக்குப் பயமா இருக்கும்க்கா.”

அந்தப் பெரிய வீட்டில் சன்னல்களை அடைத்து ஹாலை இருட்டாக்கியிருந்தார்கள். திரையில் ஒரு கதவு. வெகுநேரம் கதவு மட்டும்தான். பிறகு அது மெல்லத் திறந்தது. யாரும் வரவில்லை.

முன்வரிசை ஆச்சி புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, “வாங்க” என்றார். பக்கத்தில் இருந்தவர், “வாங்க.” அடுத்தவர், “வாங்க.” இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வருபவரை ஒவ்வொருவரும் தனித்தனியே கூப்பிட வேண்டும், ஒருவர் விட்டாலும் மனத்தாங்கல்தான். வரிசை வரிசையாக அந்தச் சொல் என்னை நோக்கி வந்தது. கடைசி ஆள் நான். எனக்கு வாய் வரவில்லை. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். திரையில் கதவு திறந்தபடியே இருந்தது.

படம் முடிந்ததும் காபி. கதவு வழியே வந்தது யார் என்று ஆளாளுக்குப் பேச்சு.

“வெள்ளைச் சட்டை போட்டவுக.”

“பொம்பளையாளுண்ணே. கண்ணாடிய மாத்துங்க.”

நஸ்ரின் என் காதருகே வந்து, “காத்துலதான்க்கா திறந்துச்சு. படம் எடுத்த அன்னிக்கு வீட்ல என்னைத் தவிர யாருமில்ல” என்றாள்.

என் வயதுதான் இருக்கும் அந்த முன்வரிசை ஆச்சிக்கு; இந்தப் பக்கத்தில் பெண்களை மரியாதையாக அப்படித்தான் அழைப்பார்கள். நேரே என்னிடம் வந்தார். “நீங்க கூப்பிடலையே?”

“யாருமே வரலையே, ஆச்சி.”

“வராட்டி என்ன, வாயா தேஞ்சு போகும்? கூப்பிடாட்டி வந்தவுக அங்குட்டேல்ல நின்னுக்கிட்டிருப்பாக.”

போகிறவர்களுக்கு: பள்ளத்தூருக்குக் காரைக்குடியிலிருந்து பேருந்தும் உண்டு, ஆட்டோவைவிட மலிவு. வீடுகளுக்குள் போக முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். உங்களை எத்தனை பேர் “வாங்க” என்றாலும் அத்தனை பேருக்கும் தலையசையுங்கள்.

இதைத் திரும்பும் பேருந்தில் எழுதுகிறேன். இன்னும் வீட்டு உரிமையாளரிடம்கூடச் சொல்லவில்லை: நான் காலி செய்யப்போவதில்லை. போனதும் அந்தத் துண்டை அவிழ்த்துவிட்டு, என் கணவர் வரும் நேரத்துக்கு ஹாலில் உட்கார்ந்திருப்பேன்.