பில்லையில் இருந்த பெயர்

என் வீட்டுக்காரர் பெயரை நான் இந்த ஆயுசில் இரண்டே முறைதான் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில், ரங்கூனில் ஒரு சர்க்கார் ஆபீசில், ஏழெட்டு ஆண்களுக்கு முன்னால். எனக்குப் படிப்பு நாலாம் வகுப்போடு சரி. நாலு பேர் கூடினால் பேச்சு வராது. அதனால் இதை யாரிடமும் சொன்னதில்லை. எழுதுவதற்குக் கூச்சம் கொஞ்சம் குறைவாக இருக்கிறது, எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கல்யாணமாகி, கப்பலேறி வந்து இரண்டாவது வருஷம். பசுந்தாங் கால்வாயை ஒட்டிய ஒரு நெல் மில்லில் அவருக்கு மூட்டை தூக்குகிற வேலை. மில்லுக்குப் பின்னால் நீளமாக ஒரு பலகை வீடு. அதில் எங்களுக்கு ஓர் அறை. அறையும் மேஸ்திரியுடையது, வேலையும் மேஸ்திரி கொடுத்தது. ஊரில் ஆள் சேர்ப்பது, கப்பலேற்றுவது, மில்லில் கொண்டுபோய் நிறுத்துவது எல்லாம் அவர்தான்.

மில்லில் வேலை செய்கிற ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பித்தளைப் பில்லை உண்டு. பில்லையில் நம்பர் இருக்கும். மில் புத்தகத்தில் அந்த நம்பருக்கு நேரே ஒரு பெயர் இருக்கும். யாராவது ஊருக்குப் போனால் பில்லையை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மேஸ்திரி அதை வேறோர் ஆளிடம் கொடுப்பார். போனவர் திரும்பி வந்ததும் பில்லை அவருக்கே. இதை ‘இடம் காக்கிறது’ என்பார்கள். யாரும் தப்பாக நினைத்ததில்லை. என் வீட்டுக்காரரும் அப்படித்தான், தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த ஒருவருக்காக மார்கழியிலிருந்து இடம் காத்துக்கொண்டிருந்தார். மில்லில் அவரை எல்லோரும் அந்த ஆளின் பெயராலேயே கூப்பிட்டார்கள்.

பக்கத்து அறையில் சுரைக்காய் பஜ்ஜி சுட்டு விற்கிற பர்மாக்கார அக்கா இருந்தாள். அவர்கள் வழக்கப்படி ‘அமா’ என்று கூப்பிடுவேன். நம் ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவாள். “உன் புருசனுக்கு ஊட்ல ஒரு பேரு, மில்லுல ஒரு பேரு. நீ எந்தப் பேருக்குச் சோறு போடுற?” என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது.

மாசி மாதம் மூட்டை அடுக்கு சரிந்து அவர் காலில் விழுந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில் துறைமுகக் கூலிக்காரர் ஒருவர் படுத்திருந்தார். அவர்தான் சொன்னார், வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி நஷ்டஈடு கொடுக்க வேண்டும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்குச் சம்பளத்தில் ஒரு பங்கு தரவேண்டும் என்று சர்க்கார் புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறதென்று. யந்திரம் ஓடுகிற இடமாக இருக்க வேண்டும். குடித்திருக்கக் கூடாது. முதல் பத்து நாள் சேராது. ஆறு மாதத்துக்குள் எழுதிப் போட்டுவிட வேண்டும். நான் வீடு வரைக்கும் வாய்ப்பாடு மாதிரி இதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மேஸ்திரியிடம் போய் நின்றேன். “அவசரப்படாத தங்கச்சி. நான் மில் துரைகிட்ட பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்” என்றார். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று. இடையில் இரண்டு தடவை அரிசி அனுப்பினார், அதை மறைக்கக் கூடாது. ஆனால் துரையிடம் பேசினதாகத் தெரியவில்லை. வைகாசியில் நான், “அண்ணே, நாங்களே எழுதிப் போட்டுடறோம்” என்றேன். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்புறம் என்ன நினைத்தாரோ, தானே எங்களை மனு எழுதுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

வழியெல்லாம் ஒரே பாடம். “மில் புஸ்தகத்துல என்ன பேரு இருக்கோ அதைத்தான் போடணும். வேற பேரு போட்டா, அப்படி ஒரு ஆளே எங்ககிட்ட வேலை செய்யலைன்னுடுவான். புரியுதா மாப்ளே?”

எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பில்லை மாற்றிக் கொடுத்தது வெளியே தெரிந்தால் மில்லில் அவருக்கு மேஸ்திரி வேலை போய்விடும் என்பது அப்போது தோன்றவில்லை.

மனு எழுதுகிறவர் கோர்ட்டுக் கச்சேரி வாசலில் மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். வயதானவர், கிறிஸ்தவர், மூக்குக் கண்ணாடி. “புருஷன் பேரு என்னம்மா?” என்றார். நான் பில்லைக்காரர் பெயரைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“நம்மூர்ப் பொம்பளைங்க புருஷன் பேரைச் சொல்றதுக்குள்ள எனக்கு மசி காஞ்சு போகும். நீ கேட்டதும் சொல்லிட்டியே.”

அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனியில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல மழை. கமிஷனர் ஒரு வெள்ளைக்கார துரை. பக்கத்தில் தமிழ் துபாஷி. மில் சார்பில் தலைமைக் குமாஸ்தா வந்திருந்தார். என்னையும் பிரமாணம் செய்யச் சொல்லிப் புருஷன் பெயரைக் கேட்டார்கள். சொன்னேன். கூசவே இல்லை.

குமாஸ்தா எழுந்து போய்க் கதவைத் திறந்தார். வெளியிலிருந்து ஓர் ஆள் உள்ளே வந்தார். தங்கை கல்யாணத்துக்குப் போன அதே ஆள். முந்தின வாரம்தான் கப்பலில் வந்து, மில் வாசலில் தன் பில்லையைக் கேட்டிருக்கிறார். மேஸ்திரி அவரைப் பார்ப்பதற்கு முன்னால் குமாஸ்தா பார்த்துவிட்டார். என்னைக் கண்டதும் அந்த மனிதர் தரையைப் பார்த்தார். நான் எங்கே பார்ப்பது? நான் யாரைப் புருஷன் என்று பிரமாணம் செய்து சொன்னேனோ அவர் முன்னால் நிற்கிறார். தாலி கட்டியவர் பின்னால் கட்டையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார்.

துரை கேட்டதைத் துபாஷி தமிழில் சொன்னார்: “இவங்க ரெண்டு பேர்ல உன் புருஷன் யாரு?”

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு என் வீட்டுக்காரரைக் கையால் காட்டினேன். மனு தள்ளுபடியாயிற்று.

வெளியே தாழ்வாரத்தில் துபாஷி எங்களிடம் வந்தார். “பொய்ப் பிரமாணத்துக்குக் கேஸே போடலாம்மா. துரை போனாப் போகுதுன்னு விட்டார். வீட்டுக்குப் போங்க.”

கூட வந்திருந்த மேஸ்திரி படியிறங்கிப் போய்விட்டிருந்தார். வந்த வழியே போயிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, தூணுக்குப் பின்னால் நின்றபடி கேட்டேன். “சொந்தப் பேருல எழுதிப் போட்டா எடுத்துப்பாங்களா?”

அவர் கொஞ்சம் நின்று என்னைப் பார்த்தார். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். “ஆறு மாசம் முடியல, போடலாம். ஆனா அந்தப் பில்லையில வேலை செஞ்சது இவர்தான்னு நீங்க காட்டணும். இவரோட பேரு இதுதான்னும் சாட்சி வேணும்.”

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு உட்கார்ந்தார். “போதும் புள்ள. சிரிச்சாச்சு எல்லாரும். கட்டைய ஊனிக்கிட்டே கப்பல் ஏறிடலாம்.”

“ஒடைஞ்சது உங்க காலு. பில்லையில யாரு பேரு இருந்தா என்ன?” என்றேன். அவரிடம் நான் எதிர்த்துப் பேசின முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அவர் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

கூட மூட்டை தூக்கினவர்களைக் கேட்டேன். ஒவ்வொருவராக நழுவினார்கள். அவர்களில் பாதிப் பேர் வேறு யாருக்கோ இடம் காக்கிறவர்கள், எப்படி வருவார்கள்? மேஸ்திரி தகவல் தெரிந்து வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

“அறையைக் காலி பண்ணணும் தங்கச்சி.”

“பண்ணிடறோம் அண்ணே. கேஸ் முடிஞ்சதும்.”

“உனக்கு இவ்வளவு வாய் எப்ப வந்துச்சு?” என்றார். எனக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை வாசல் பெருக்கும்போதுதான் கதவுநிலையைப் பார்த்தேன். தினமும் பார்க்கிறதுதான். சம்பள நாளில் மில் புத்தகத்தில் இடது கட்டைவிரலை மையில் ஒற்றி வைப்பார்கள். அவர் வீட்டுக்கு வந்ததும் மிச்ச மையை நிலையில் ஒற்றித் துடைப்பார். நான் சண்டை போடுவேன். வரிசையாக நீலநீலமாக விரல்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. கப்பலில் வரும்போது தகரம் கிழித்த தழும்பு அது, தழும்பில் மை பிடிக்காது. அப்படியானால் மில் புத்தகத்திலும் இந்தக் கோடு இருக்க வேண்டும். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவரை எழுப்பினேன். அன்றைக்கே மனு எழுதுகிறவரிடம் போனோம்.

“இப்பப் பேரு என்னம்மா?” என்றார். எனக்கு வாய் வரவில்லை. காகிதத்தை வாங்கித் தமிழில் எழுதிக் காட்டினேன். அவர் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

“இதான் நெசமான பேரு, இப்ப நம்பறேன். ஆனா அங்க எழுதிக் காட்டினா ஆகாது. வேற சாட்சி இல்ல உனக்கு. நீதான் கூண்டுல நின்னு வாயால சொல்லணும்.”

“இவரே சொல்லக் கூடாதா?”

“மனு போட்டவனே தனக்குச் சாட்சி சொன்னா, போன தடவை வேற பேரைச் சொன்னியேம்பான். நீயும் சொன்னவதான், ஆனா வேற ஆளு கெடைக்கலையே.”

சொல்லிப் பழகலாம் என்று பார்த்தேன். குழாயடியில் தண்ணீர்ச் சத்தத்தோடு சத்தமாகச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். உதடு அசையும், குரல் வராது. புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். ஏற்கெனவே கால் போயிருக்கிறது. அமா பார்த்துவிட்டு, “தண்ணிக்கு ரகசியம் சொல்றியா?” என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவளால் நம்பவே முடியவில்லை. “நான் என் புருசனைத் திட்டணும்னா பேரு சொல்லித்தானே திட்டணும்?” என்றாள்.

ஆடி கடைசியில் விசாரணை. மில் புத்தகத்தை வரவழைத்திருந்தார்கள். அந்த நம்பருக்கு நேரே கார்த்திகை வரைக்கும் ஒரு விரல். மார்கழியிலிருந்து வேறு விரல், குறுக்கே வெள்ளைக் கோட்டோடு. துரை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். என் வீட்டுக்காரரை ஒரு காகிதத்தில் விரல் வைக்கச் சொல்லிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குமாஸ்தாவும் குனிந்து பார்த்தார். அதற்குமேல் அவர் விரலைப் பற்றிப் பேசவில்லை.

“விரல் இவருதாவே இருக்கட்டும். பேரு? போன மாசம் ஒண்ணு சொன்னாங்க, இந்த மாசம் ஒண்ணு. அடுத்த மாசம் என்னவோ?” என்றார்.

என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். பிரமாணம் ஆயிற்று. துபாஷி பெயரைக் கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

“பார்த்தீங்களா, தெரியல” என்றார் குமாஸ்தா.

துபாஷி துரையிடம் எங்கள் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். துரை ஏதோ திருப்பிக் கேட்டார். ‘போன தடவை தயங்காமல் சொன்னாளே’ என்றுதான் கேட்டிருப்பார். துபாஷி சொன்ன பதிலை எனக்கும் கேட்கட்டும் என்று தமிழிலும் சொன்னார். “அது வேற ஆம்பள பேருங்க. அதான் சொல்ல முடிஞ்சது.”

துரை சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தபடி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ‘உன் இஷ்டம்’ என்பது போல அவர் கண்ணை மூடித் திறந்தார்.

சொன்னேன்.

“காதுல விழல, இன்னொரு தடவை” என்றார் துபாஷி.

வெளித் தாழ்வாரத்துக்கே கேட்கும்படி சொன்னேன். ஊர்ப் பெயரும் மாமனார் பெயரும் சேர்த்துச் சொன்னேன். துரை எழுதிக்கொண்டார். என் வீட்டுக்காரர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நஷ்டஈடு கொடுக்கச் சொல்லி உத்தரவாயிற்று. பெரிய தொகை இல்லை. கட்டையில்லாமல் அவர் நடக்கிற வரைக்கும் அடுப்பெரிய அது போதும். சொன்னபடி அந்த வாரமே அறையைக் காலி செய்துவிட்டுக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஒரு குடிசைக்குப் போனோம். மேஸ்திரி அப்புறம் எங்களோடு பேசியதில்லை. அவர் வேலை போகவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

கால் சேர்ந்தது, ஆனால் மடங்காது. மூட்டை தூக்க முடியாமல், ஒரு மரக் கிடங்கில் காவலுக்குக் கேட்கப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். அங்கேயும் ஒரு மேஸ்திரி, அங்கேயும் பில்லை. எடுத்து நீட்டினார். என் வீட்டுக்காரர் கையை நீட்டவில்லை.

“இது யாரு பேருல இருக்கு?”

“யாரு பேருல இருந்தா உனக்கென்னப்பா? ஆள் ஊருக்குப் போயிருக்கான்.”

“அப்ப வேணாம். என் பேருல எழுதறதா இருந்தா வரேன்.”

அந்த மேஸ்திரி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனார். வெகுநேரம் நின்றோம். கடைசியில் அங்கிருந்த தமிழ்க் கணக்கர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முன்னால் புது வரி எழுதினார். என் வீட்டுக்காரருக்குப் படிக்கத் தெரியாது. என் பக்கம் திரும்பி, “பாரு புள்ள, சரியா இருக்கா?” என்றார்.

எழுத்துக் கூட்டி மனசுக்குள் படித்தேன். “உங்க பேருதான், வையுங்க” என்றேன். அவர் விரலை வைத்தார்.