வாயில் ஒரு மடக்குத் தண்ணீர்

"தம்பிய எதுக்கு மேடம் சபைக்கு முன்னால நிக்க வெச்சி அசிங்கப்படுத்தணும்? பாஸ்டர் கேட்டா நானே பதில் சொல்லிக்கிறேன். பெரியப்பன் சொன்னா ஆவாதா?"

திருமுல்லைவாயிலில் என் தெரபி அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் சாமுவேலின் அண்ணன் ஆரம்பித்த பேச்சு இது. பக்கத்து நாற்காலியில்தான் சாமுவேல் இருக்கிறார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும், சொல்வதெல்லாம் புரியும். அவர் முகம் சிறுத்துப்போனதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஸ்பீச் தெரபிஸ்டாக இத்தனை வருடத்தில் நான் சண்டை போட்டதெல்லாம் பேஷன்ட்டோடு அல்ல, கூட வருகிறவர்களோடுதான்.

சாமுவேல் அம்பத்தூர் ஓ.டி.க்கும் ஆவடிக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஸ்ட்ரோக் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் போனது. இதை நாங்கள் அஃபேசியா என்போம். புத்தி அப்படியே இருக்கும். நினைக்கிற வார்த்தை மட்டும் வாய்க்கு வந்து சேராது. மகள் பிரிசில்லாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். அவர்கள் சர்ச்சில், பெண்ணை ஒப்புக்கொடுப்பது யார் என்று பாஸ்டர் கேட்பார். அப்பா "நான்" என்று சொல்லி மகளின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அந்த ஒரு வார்த்தையைத் தானே சொல்ல வேண்டும் என்பதுதான் சாமுவேலின் ஆசை. இடது கையால் மார்பைத் தட்டித் தட்டிக் காட்டுவார்.

அண்ணனிடம், "கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கு. அதுவரைக்கும் இந்தப் பேச்ச அவர் முன்னால எடுக்காதீங்க" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

பயிற்சியை சாமுவேலின் ரூட்டிலிருந்தே தொடங்கினேன். நான் "ஓ.டி." என்றதும் அவர் "திருமுல்லைவாயில், ஆவடி, ஆவடி, ஆவடி!" என்று கூவிவிட்டார். அவர் மனைவி மேரி கைதட்டினார். "பேசிட்டாரு பாத்தியா மேடம்!"

புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். வருடக்கணக்கில் கூவியது தானாக வரும், ஜெபம் வருவது போல. அது தொடக்கம்தான், பேச்சு அல்ல. "சரி, இப்போ இங்கேருந்து எங்க போகப் போறீங்க?" என்று கேட்டேன். சாமுவேல் உதட்டைக் குவித்துத் திணறினார்.

"ஊட்டுக்கு!" என்றார் மேரி.

எங்களுக்கு இருந்த பெரிய சிக்கல் மேரிதான். தங்கமான மனுஷி. ஆனால் நான் எதைக் கேட்டாலும் அவர் வாய்தான் முந்தும்.

"உங்களுக்கு டீயா, காபியா?"

"டீதான் மேடம், காபி குட்ச்சா அவருக்கு நெஞ்சு எரியும்."

"மேரி, நான் கேட்டது அவரை."

"இன்னா மேடம் நீ! மனுசன் தவிக்கிறத பாத்துகினு சும்மா எப்டி கீறது?"

அவர் கேட்டதும் நியாயம்தான். கூட வருகிறவரை வெளியே உட்கார வைப்பது எங்களில் பலருக்கு வழக்கம். நான் செய்யவில்லை. என் அறையில் சாமுவேல் இருப்பது கொஞ்ச நேரம், மீதி நேரமெல்லாம் மேரியோடு. அதனால் மேரி கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். "ஒரு மடக்கு வாயில வச்சுக்கோங்க. அவர் சொல்லி முடிக்கிற வரைக்கும் முழுங்கவும் கூடாது, துப்பவும் கூடாது."

முதல் முயற்சியிலேயே மேரிக்குச் சிரிப்பு பீறிட்டு, தண்ணீரெல்லாம் என் மேஜை மேலும் சாமுவேலின் சட்டை மேலும் தெறித்தது. சாமுவேல் வாய்விட்டுச் சிரித்தார். அடுத்த தடவை மேரி மடக்கென்று விழுங்கிவிட்டுப் பதில் சொன்னார். "இது போங்காட்டம்" என்று மறுபடி ஊற்றினேன். நாலைந்து வாரம் இதே கூத்து. ஒருநாள் மேரி கன்னம் உப்பி உட்கார்ந்திருக்க, சாமுவேல் வியர்க்க வியர்க்க முயன்று "டீ" என்றார். மேரியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது, வாயில் இருந்ததை மட்டும் விடவில்லை. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

"நான்" என்ற வார்த்தை ஒருநாள் வரும், மறுநாள் வராது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மேரி கேட்டார். "அங்க வராங்காட்டி இன்னா மேடம் பண்றது?"

"வராட்டி கையை மட்டும் புடிச்சுக் குடுக்கட்டும். ஆனா அவர்தான் நிக்கணும்."

பாஸ்டரிடமும் போய், கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சர்ச்சில் கூட்டம் நெருக்கியது. பாஸ்டர் கேட்டார். சாமுவேலின் தாடை அசைந்தது, சத்தம் வரவில்லை. ஃபேன் ஓடுவது மட்டும் கேட்டது. முன் வரிசையிலிருந்து அண்ணன் எழப் பார்த்தார். மேரி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். சாமுவேலைப் பார்த்தபடியே இருந்தாரே தவிர, உதட்டைப் பிரிக்கவில்லை.

"நான்" என்றார் சாமுவேல்.

சபையே மூச்சு விட்டது. பாஸ்டர் அடுத்த பக்கத்தைத் திருப்பப் போனார். சாமுவேல் இடது கையைத் தூக்கி அவரை நிறுத்தினார். மறுபடி திணறினார். யாரும் குறுக்கே பேசவில்லை.

"நானும்... மேரியும்."

வீட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிட்டுத் தெரபி கொடுக்காதீர்கள் என்று ஜூனியர்களிடம் சொல்லும்போதெல்லாம் இந்தக் கல்யாணத்தைத்தான் சொல்வேன். காத்திருப்பதையும் கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும், அது யாருக்கும் தானாக வராது.

பந்தியில் மேரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தக் கடசி வார்த்த நீ சொல்லிக் குடுத்தியா மேடம்?"

"இல்ல மேரி."

"ஸ்ட்ரோக்கு வந்ததுலேருந்து எம் பேர அவரு ஒரு தபா கூட கூப்டல மேடம். நான்தான் எந்நேரமும் முன்னாலயே நின்னுகினு இருந்தேனே, அவரு எங்க கூப்டுவாரு?"