அறுவைச் சிகிச்சைக்கு முன் ஏற்காட்டில்

என் மனைவி கடைசியாக முழுக்குரலில் பாடியது 2001 தை மாதத்தில், ஏற்காட்டில், ஒரு காப்பித் தோட்டத்துச் சாலையில். அரியலூர் தனி மாவட்டமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளில் பாதிக்கு மேல் இன்னும் பெரம்பலூர் மாவட்டம் என்றுதான் இருந்தது. அடுத்த ஆண்டே எங்களை மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். இப்படிப்பட்டவை எனக்கு மறப்பதில்லை. எந்த ஆண்டு எந்த மாதம் மழை பொய்த்தது, எப்போது ஏலாக்குறிச்சிக்குப் புது பஸ் விட்டார்கள் என்று கேட்பவர்களுக்கு யோசிக்காமல் சொல்வேன். அதனால்தான் இதை எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அப்போது ரெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிவரும் லாரிகளை எடைபோடும் இடத்தில் நான் எழுத்தராக இருந்தேன். வீடும் அந்தச் சாலையிலேயே. மனைவி எங்கள் பங்குக் கோயிலின் பாடகர் குழுவில் முன்பாட்டுக்காரி. சங்கீதம் முறையாகப் படித்தவள் இல்லை. ஆர்மோனியம் வாசிக்கிறவர் எங்கே நிறுத்தினாலும் அங்கேயிருந்து எடுப்பாள். கிறிஸ்துமஸ் ஒத்திகையின்போது குழுவில் ஒரு பெண்தான் முதலில் கவனித்திருக்கிறாள்.

"அக்கா, சங்கிலி இறுக்கிப் புடிக்குதே, தெரியலையா?"

"கல்யாணத்துக்குப் போட்டதுடி. ஆளு பெருத்தா சங்கிலியும் பெருக்குமா?" என்று இவள் சிரித்துவிட்டு வந்திருக்கிறாள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று சங்கிலியைக் கழற்றியபோது கழுத்தின் ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தது.

திருச்சியில் காட்டினோம். தைராய்டு கட்டி. கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்ந்து மூச்சுக்குழாயைத் தள்ளிக்கொண்டிருக்கிறது, எடுத்துவிடுவதுதான் நல்லது என்றார் டாக்டர். பிறகு, "பாடுறவங்களா நீங்க?" என்று கேட்டார்.

"கோயில்ல மட்டுந்தான் டாக்டர்" என்றாள் இவள், ஏதோ சின்னத் தப்பு செய்துவிட்டவளைப் போல.

"குரலுக்குப் போற நரம்பு ஒட்டினாப்ல போகுது. பாத்துத்தான் செய்வோம். பேச்சுக்குப் பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. மேல எடுத்துப் பாடறது கொஞ்சம் சிரமமாகலாம். ஆகாமலும் இருக்கலாம்."

பிப்ரவரியில் அறுவைச் சிகிச்சை என்று முடிவானது. ஊர் திரும்பும் பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். புள்ளம்பாடி தாண்டும்போது, "என்னங்க, எங்கயாவது மலைக்குப் போயிட்டு வருவோமா?" என்று கேட்டாள். கல்யாணமாகி அவ்வளவு வருடத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட பயணம் அது ஒன்றுதான்.

எனக்குள் அப்போதே வேறொரு எண்ணம் ஓடியது. எங்கள் வீட்டில் எந்த நேரமும் லாரிச் சத்தம். ஜன்னலைச் சாத்தினால் கண்ணாடி அதிரும். மலையில் சத்தமில்லாத ஓர் இடம் கிடைத்தால், அவள் பாட்டு முழுவதையும் டேப்பில் எடுத்துவிடலாம். லெப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் எங்களிடம் லாரி விட்டிருந்தார். அவர் தம்பி துபாயிலிருந்து கொண்டுவந்த சின்ன டேப் ரெக்கார்டரைக் கேட்டேன்.

"எடுத்துட்டுப் போங்க சார். ஆனா ஒண்ணு. மலைக்குப் போயி ரெண்டு பேரும் பேசாம பாட்டுக் கேட்டுகிட்டு உக்காந்திருந்தா எந்தக் காலத்துல பேசப் போறீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "இன்ஷா அல்லா, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது" என்று புது பேட்டரியும் தானே வாங்கிப் போட்டுக் கொடுத்தார்.

பொங்கல் கூட்டம் வடிந்த பிறகு கிளம்பினோம். பெரம்பலூர், ஆத்தூர், சேலம் என்று பஸ் மாறி மாறி, மாலையில் மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவளுக்கு வாந்தி வரும் என்று நான் எலுமிச்சம்பழம் கொண்டுபோயிருந்தேன். மேலே போய் இறங்கியதும் அவள் அதை என் கையில் திணித்தாள்.

"நீங்க மோந்து பாருங்க. மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு."

ஏரிக்குப் போகும் சாலையில் ஒரு சாதாரண விடுதியில் அறை கிடைத்தது. மேட்டில் ஏறினால் அவளுக்குக் கழுத்தை அழுத்தும் என்பதால் சமமான சாலைகளாகப் பார்த்துத்தான் நடந்தோம். நடையும் அப்படி ஒன்றும் வேகமில்லை. ஒவ்வொரு வீட்டு வேலியிலும் என்ன பூ என்று நின்று பார்ப்பாள். சவுக்கு மரமென்று நான் காட்டியதைத் தோட்டத்து ஆள் ஒருவர் சில்வர் ஓக் என்று திருத்தியபோது அவளுக்கு அன்று முழுவதும் சந்தோஷம்.

முதல் நாள் முழுக்க ஏரிக்கரையில்தான் இருந்தோம். படகுத்துறையில் ஒலிபெருக்கி கட்டிச் சினிமாப் பாட்டு போட்டிருந்தார்கள். டேப் எடுக்க ஒத்துவராத இடம் என்று எனக்கு எரிச்சல். அவளோ பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பாட்டில் குரல் வரும்போது சும்மா இருப்பாள். குரல் நின்று வயலினோ புல்லாங்குழலோ வரும் இடங்களில் அதைத் தான் பாடுவாள். சமையலறையில் ரேடியோ ஓடும்போதெல்லாம் இதுதான் நடக்கும். சொற்களைப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பாவம் இதைப் பாட யார் இருக்கிறார்கள் என்பாள். அன்றும் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஒரு முழுப் புல்லாங்குழலையும் பாடி முடித்தாள். பக்கத்துப் பெஞ்சில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தவர் தின்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இவள் போர்வைக்குள் முகத்தை இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி நடந்தோம். காப்பிச் செடிகளுக்கு நடுவே வளைந்து போகும் தோட்டத்துச் சாலை. பனி இன்னும் விலகவில்லை. பறவைச் சத்தம் தவிர ஒன்றுமில்லை. இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று தோன்றியது. சாலையோரக் கற்சுவரின் மேல் கைக்குட்டையை விரித்து, பையிலிருந்து டேப் ரெக்கார்டரை எடுத்து வைத்தேன். எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு என்றுகூட மனதில் ஒழுங்கு செய்து வைத்திருந்தேன்.

அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தீங்களா?"

"இதுக்கும்தான்" என்றேன். "ஒருவேளை..."

"ஒருவேளை என்ன? சொல்லுங்க."

ஒருவேளை குரல் போய்விட்டால் நமக்கு இருக்கட்டுமே என்று கடைசியில் எப்படியோ சொன்னேன்.

"நமக்கா, உங்களுக்கா?" என்றாள். குரல் உயரவில்லை. "உங்களுக்கு எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கணும். எடுத்து வெச்சா நீங்க அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுக் கேப்பீங்க. எனக்குத் தெரியாதா உங்கள? நான் அடுப்படியில நின்னு அந்தப் பொம்பள பாடறதக் கேட்டுகிட்டே சோறு வடிக்கணும். நல்லாத்தான் பாடியிருக்கான்னு வர்றவங்க போறவங்கல்லாம் சொல்லுவாங்க. நான் ஆமான்னு தலையாட்டணும்."

அந்தக் கோணத்தில் நான் யோசித்திருக்கவே இல்லை. அவள் பாட்டைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். தான் இழந்த குரலோடு ஒரே வீட்டில் வாழவேண்டியிருக்கும் என்று அவள் கண்டிருந்தாள். டேப் ரெக்கார்டரைப் பைக்குள் வைத்தேன். ஊர் திரும்பும் வரை அதை எடுக்கவில்லை.

அன்று மாலையில் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்தேன். "ஒறைப்பே இல்ல" என்று சொல்லிக்கொண்டே எனக்கும் சேர்த்துத் தின்றாள். அறைக்குத் திரும்பியதும், "நாளைக்கும் அந்த ரோட்டுக்கே போவோம்" என்றாள்.

மூன்றாம் நாள் காலை அதே சாலை. கையில் பையில்லை. சுவர் இருக்கும் இடத்தைத் தாண்டியதும், நான் ஒன்றும் கேட்காமலே, அவள் பாட ஆரம்பித்தாள். முதலில் மாதா பாட்டு ஒன்று. நடந்துகொண்டே பாடினாள். மூச்சு வாங்கும்போது நிற்பாள், நானும் நிற்பேன். மேலே எடுக்கும் இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். உடனே இருமல் வந்துவிட்டது.

சாலைக்குக் கீழே செடிகளுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. "யாருடி அது, ரேடியோவா?"

இன்னொரு குரல், "ரேடியோ இருமுமாடி?" என்றது. செடிகளுக்குள் ஒரே சிரிப்பு.

அப்புறம் இலைகளை விலக்கிக்கொண்டு தலைகள் தெரிந்தன. காப்பிப்பழம் பறிக்கும் பெண்கள். இடுப்பில் சாக்கைக் கட்டியிருந்தார்கள்.

"ஏன்க்கா நிறுத்திட்டீங்க? பாடுங்க."

"பாடினா கூலி தருவீங்களா?" என்றாள் இவள்.

"இந்தச் சாக்கத் தூக்கிக்கிட்டுப் போங்க. மேஸ்திரி வந்தா நாங்க பாக்கலன்னு சொல்லிடறோம்."

"அண்ணன் பாட மாட்டாரா?" என்று வயதில் மூத்த ஒருத்தி என்னைக் காட்டிக் கேட்டாள்.

"அவரு தேதி சொல்லுவாரு" என்றாள் என் மனைவி. "நீங்க என்னைக்கிப் பொறந்தீங்கன்னு சொன்னா என்ன கெழமன்னு சொல்லுவாரு."

"அது தெரிஞ்சா நான் ஏன் இங்க வந்து பழம் பறிக்கிறேன்?" என்றாள் அந்தப் பெண். அதற்கும் சிரிப்பு.

என் மனைவி சாலை ஓரத்தில் நின்று அவர்களுக்காகப் பாடினாள். கோயில் பாட்டு, சினிமாப் பாட்டு, தன் தம்பியைத் தூளியில் ஆட்டப் பாடியது என்று வந்ததையெல்லாம் பாடினாள். அவர்கள் பறித்துக்கொண்டே கேட்டார்கள். பழங்கள் சாக்கில் விழும் சத்தம் மட்டும் கீழே இருந்து வந்துகொண்டிருந்தது. கடைசிப் பாட்டில் அந்தச் சத்தமும் நின்றுபோனது. பனி விலகி வெயில் செடிகளின்மேல் இறங்கியிருந்தது. அவள் முகம் நன்றாக வேர்த்திருந்தது.

"மறுபடி எப்பக்கா வருவீங்க?" என்று சின்னப் பெண் ஒருத்தி கேட்டாள்.

"அடுத்த தைக்கு" என்றாள் இவள்.

திரும்பி நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்கிறவள் இல்லை. "போதுங்க" என்றாள். போதும் என்றது நடையையா, பாட்டையா என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரியில் கட்டியை எடுத்தார்கள். சோதனையிலும் கெட்டதாக ஒன்றுமில்லை. எல்லோரும் எங்களை அதிர்ஷ்டசாலிகள் என்றார்கள், அதில் பொய்யுமில்லை. முதலில் காற்றாக வந்த பேச்சு ஒரு மாதத்தில் பழையபடி ஆனது. கொஞ்சம் கரகரப்பு மட்டும் தங்கியது. ஈஸ்டர் திருப்பலிக்குக் குழுவோடு போய் நின்றாள். முதல் அடியை எடுத்தாள். மேலே போகவேண்டிய இடத்தில் குரல் வரவில்லை, வெறும் மூச்சு வந்தது. பக்கத்தைத் தேடுவதுபோல் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினாள். பெண்பிள்ளைகள் அதற்குள் பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஆண்கள் பக்கத்திலிருந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் குழுவில் நிற்கவில்லை. பெண்கள் வரிசையில் நடுவில் போய் உட்கார்ந்தாள். "புள்ளைங்க நல்லாத்தான் பாடுதுங்க" என்றாள் வழியில். வீட்டில் ரேடியோ வழக்கம்போல் ஓடியது. குரல் நின்று வயலின் வரும் இடங்களில் சமையலறையில் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நாள் கழித்து ரேடியோ போடுவதே குறைந்துவிட்டது.

அடுத்த தை வந்தபோது, ஏற்காட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

"வேணாங்க. அந்தப் பொம்பளைங்க பாடச் சொல்லுவாங்க."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

2006 ஐப்பசியில் நல்ல மழை. ஒரு சாயங்காலம் மின்சாரம் நின்றுபோயிருந்தது. மழைக்கு லாரிகளும் ஓடவில்லை. சாலை அப்படி அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. அவள் முறத்தில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். திடீரென்று, "அன்னிக்கு அந்தத் தோட்டத்து ரோட்டுல எப்படிப் பாடினேன்?" என்று கேட்டாள்.

ஐந்து வருடத்தில் அவள் அந்தப் பேச்சை எடுத்தது அதுதான் முதல் தடவை. நான் சொன்னேன். பனி எந்த வளைவில் விலகியது, அவள் கட்டியிருந்த கத்தரிப்பூ நிறச் சேலை, மாதா பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு, அதற்குப் பிறகு எது, ரேடியோ இருமுமாடி என்று கேட்டவள் மூக்கில் இரண்டு பக்கமும் போட்டிருந்த மூக்குத்தி, என்ன கிழமை, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். "அதெல்லாம் கேக்கலங்க. கொரலு. கொரலு எப்படி இருந்துச்சு?"

நான் கண்ணை மூடிப் பார்த்தேன். அவள் வாய் அசைவது தெரிந்தது. மேலே எடுக்கும்போது கழுத்து நரம்பு புடைப்பது தெரிந்தது. கீழே பெண்கள் அசையாமல் நிற்பது தெரிந்தது. சத்தம் வரவில்லை. எவ்வளவோ முயன்றேன். எனக்குக் கேட்டதெல்லாம் இப்போது பேசுகிற இந்தக் குரல்தான்.

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முறத்தை ஒரு தட்டு தட்டி, தோலை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"எனக்கும்தான் மறந்துபோச்சு" என்றாள்.